பேர் வைக்காத பட்டறை

பழுதான பொருள்களைப் பிரித்துச் சரிபண்ணவும் கருவிகள் செய்து பார்க்கவும் ஞாயிறுதோறும் கூடுகிற எங்கள் கூட்டத்துக்குப் பேர் கிடையாது. லோகோ போட்டுத் தருகிறேன் என்று ஒரு தம்பி மூன்று மாதிரி வரைந்து எடுத்து வந்தான். மூன்றிலும் ஒரு பல்சக்கரம், ஒரு குண்டு பல்பு. "நல்லா இருக்கு கண்ணு, முதல்ல அந்த மிக்ஸியப் பிரி" என்றேன். சேலம் அம்மாப்பேட்டையில் அப்பாவின் பழைய தறிப்பட்டறைதான் இடம். தறிகளை எடைக்குப் போட்ட பிறகு காலியாகக் கிடந்தது. தறி நின்ற இடத்து போல்ட்டுகள் தரையில் இன்னும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. புதிதாக வருகிறவர்கள் ஒரு தடவையாவது கட்டைவிரலை இடித்துக்கொள்வார்கள். ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்குத் திறப்பேன். எட்டு மணிக்கு அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் மூடிவிடுவேன்.

எங்கள் ஊரிலும் இப்படி ஒன்று ஆரம்பிக்க வேண்டும், எப்படி நடத்துகிறீர்கள் என்று வெளியூரிலிருந்து சிலர் கேட்கிறார்கள். என்னென்ன வாங்குவது என்பதுதான் எல்லோருக்கும் முதல் கேள்வி. த்ரீடி பிரின்டர், ஆசிலாஸ்கோப் என்று பட்டியலோடே வருகிறார்கள். அதெல்லாம் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். பட்டறையில் எனக்கு இருக்கிற வேலை ஒன்றே ஒன்று: யாரை யார் பக்கத்தில் உட்கார வைப்பது. அது சரியாக அமைந்தால் மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

சேலத்தில் கைவேலைக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. செவ்வாப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பக்கம் போனால் வீட்டுக்கு வீடு வெள்ளிக் கொலுசு வேலை. தறி மெக்கானிக், மோட்டார் வைண்டிங் கட்டுபவர், லேத் ஓட்டுபவர் என்று தெருவுக்கு ஒருவர் கிடைப்பார். ஆனால் எலக்ட்ரானிக்ஸ் என்றால் இவர்கள் எல்லோரும் "அது படிச்சவங்க சமாச்சாரம்ங்க" என்று ஒதுங்கிக்கொள்வார்கள். படித்தவர்களோ, கம்ப்யூட்டர் கோடு எழுதுவார்கள், ஸ்பேனரைத் தலைகீழாகப் பிடிப்பார்கள்.

கொலுசுக்கார அண்ணன் ஒருவர் முதலில் வந்தது தன் தராசைச் சரிபண்ண. சின்ன டிஜிட்டல் தராசு, காலையில் ஒரு எடை, மத்தியானம் ஒரு எடை காட்டுகிறது. (வியாபாரத் தராசை நாங்கள் தொடுவதில்லை. பிரித்தால் முத்திரை போய்விடும், மறுபடி முத்திரை போட வேண்டும். இது அவர் வீட்டிலேயே வேலை கொடுக்கும்போதும் வாங்கும்போதும் தனக்காகப் பார்த்துக்கொள்வது.) அவரைப் பொன்னம்மாப்பேட்டையிலிருந்து வரும் கல்லூரிப் பெண் பக்கத்தில் உட்கார வைத்தேன். அவள் பிரித்துப் பார்த்தாள். எடையை உணரும் லோடு செல்லிலிருந்து வரும் நாலு ஒயரில், தலைமுடி கனம்தான் இருக்கும், வெள்ளை ஒயரின் பற்று (ஈயம் வைத்து ஒட்டிய இடம்) விட்டிருந்தது. கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் ஒட்ட வரவில்லை. சால்டரிங் அயர்ன் முனையில் ஈயத்தை உருக்கி, அதைக் கொண்டுபோய் ஒயர் மேல் தடவிக்கொண்டிருந்தாள். ஈயம் உருண்டையாக உட்கார்ந்தது, ஊதினால் உருண்டு போனது.

அண்ணன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, "பாப்பா, பற்றுப் பொடியச் சுட்டா ஒட்டாது. வெள்ளியச் சுடணும். சூடு எங்க இருக்கோ அங்கதான் அது ஓடும்" என்றார். கொலுசில் வளையத்துக்கு வளையம் பற்று வைக்கும்போது, வெங்காரம் கண்ணாடி மாதிரி உருகிப் படியும் வரை இரண்டு பக்க வெள்ளியையும் சூடேற்றுவார்களாம். அதற்கப்புறம் பொடியை நாம் தள்ள வேண்டியதில்லை, தானே இழுத்துக்கொள்ளும். எங்கள் ஈயக் கம்பிக்குள் ஃப்ளக்ஸ் என்ற பசை இருக்கிறது, உலோகத்தின் மேல் உள்ள அழுக்கை எடுக்கும் வெங்காரத்தின் வேலையை அது செய்கிறது. சூட்டின் அளவைத் தவிரப் பெரிய வித்தியாசம் எதுவும் கிடையாது. 63/37 ஈயம் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம்) 183 டிகிரியிலேயே உருகிவிடும் என்றதும் அண்ணனுக்குச் சிரிப்பு. வெள்ளிப் பற்றுக்கு 600 டிகிரிக்கு மேல் வேண்டும். "இதெல்லாம் ஒரு சூடா?" என்றார். அந்தப் பெண் போர்டையும் ஒயரையும் சேர்த்து இரண்டு நொடி சுட்டாள், ஈயத்தை எதிர்ப் பக்கத்திலிருந்து தொட்டாள். பளபளவென்று ஓடி உட்கார்ந்தது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

இப்போது எங்களுக்குச் சால்டரிங் வாத்தியார் அவர்தான். புதிதாக வருகிறவர்களை நேராக அவர் மேசைக்கு அனுப்பிவிடுவேன். எத்தனை வீடியோ பார்த்துவிட்டு வந்தாலும் சரி.

ஜனவரி பிறந்தால் இன்னொரு வகை ஆட்கள் வருவார்கள். இறுதியாண்டு புராஜெக்ட்காரர்கள். "சார், சர்ட்டிஃபிகேட் குடுப்பீங்களா?" கொடுப்பதில்லை. பாதிப் பேர் வாசலோடு திரும்பிவிடுவார்கள். காசு கொடுத்தால் ரிப்போர்ட், சர்க்யூட், வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்குக் கேள்வி பதில் எல்லாம் சேர்த்துப் பொட்டலம் கட்டித் தரும் கடைகள் இருக்கின்றன. பையன்களை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. கல்லூரியில் அவர்களைக் கேட்கிறவர்களும் அந்தப் பொட்டலத்தைத்தான் எதிர்பார்க்கிறார்கள். எனக்கு இதில் உள்ள கோபம் வேறு. நாலு வருஷம் கட்டணம் கட்டிப் படித்த பிள்ளை, கையில் இருக்கும் போர்டில் இந்த ரெசிஸ்டர் எதற்கு என்று கேட்டால் பயந்துபோய் நிற்கிறது.

அப்படிப் பொட்டலத்தோடு வந்த ஒரு பையனைத் திருப்பி அனுப்பாமல், எதிர்த் தெரு தறிக்காரர் பக்கத்தில் உட்கார வைத்தேன். பையன் கையில் இருந்தது பொருள் எண்ணும் கவுன்டர். தறிக்காரருக்கு வேண்டியதும் கவுன்டர்தான்: தான் வெளியே போயிருக்கும்போது தறி எத்தனை பிக் (ஊடை நூல் ஒரு தடவை குறுக்கே போனால் ஒரு பிக்) ஓடியது என்று தெரிய வேண்டும். இரண்டும் ஒன்றுதானே என்று பையன் நினைத்தான்.

அவன் வைத்திருந்தது அகச்சிவப்பு சென்சார். தறியில் மாட்டிய அன்றைக்கே பஞ்சுத் தூசு படிந்து கண் மூடிக்கொண்டது. அதைக் கழற்றிவிட்டு, கிராங்க் ஷாஃப்ட் சக்கரத்தில் ஒரு காந்தம் ஒட்டி, எதிரே காந்தம் கடப்பதை உணரும் ஏ3144 ஹால் சென்சார் வைத்தோம். ஒரு சுற்றுக்கு ஒரு பிக். காந்தத்துக்குத் தூசு ஒரு பொருட்டில்லை. அடுத்தது பிரெட்போர்டு, ஒயரைப் பற்று வைக்காமல் சொருகி மட்டும் வைக்கிற பலகை. தறி அடிக்கிற அடியில் ஒயர்கள் ஒவ்வொன்றாகக் கழன்று வெளியே வந்தன. ஜீரோ பிசிபியில் (துளைகள் மட்டும் உள்ள வெற்று போர்டு) எல்லாவற்றையும் பற்று வைத்தான் (கொலுசுக்கார அண்ணன் மேற்பார்வையில்). அதற்குப் பிறகு, மோட்டார் ஸ்டார்ட்டரை அமுக்கும்போதெல்லாம் எண்ணிக்கொண்டிருந்த ஆர்டுயினோ என்ற சின்னக் கன்ட்ரோலர் போர்டு ரீசெட் ஆகி எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போனது. ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் மின்காந்த ஸ்விட்சான கான்டாக்டரின் காயிலுக்குக் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டரையும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 கெப்பாசிட்டரையும் தொடராகச் சேர்த்துப் போட்டதில் ரீசெட் நின்றது. ஆனால் கரன்ட் போனால்? எண்ணிக்கையை ஈப்ராமில், அதாவது கரன்ட் போனாலும் அழியாத நினைவகத்தில், எழுதி வைக்கலாம். பொட்டலக் கோடில் அது ஏற்கெனவே இருந்தது, ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒரு தடவை எழுதுகிற மாதிரி.

இங்கேதான் நான் வாயைத் திறந்தேன். அந்த ஆர்டுயினோ சில்லின் ஈப்ராமில் ஒரே இடத்தில் 1,00,000 தடவை எழுதலாம் என்பதுதான் தயாரித்தவர்கள் தரும் உறுதி. இந்தத் தறி நிமிஷத்துக்கு 120 பிக் ஓடுகிறது. எத்தனை நாள் தாங்கும், கணக்குப் போடு என்றேன். பையன் போனை எடுத்தான், வகுத்தான், மறுபடி வகுத்தான். பதினாலு மணி நேரம்கூட இல்லை. ஒரே நாளில் அந்த உறுதியின் கணக்கு தீர்ந்துவிடும். வைவாவில் மேசை மேல் பத்து நிமிஷம் ஓடுகிற பொருளுக்கு இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. 500 பிக்குக்கு ஒரு தடவை, அதுவும் இடம் மாற்றி மாற்றி எழுதுவது என்று அவனே முடிவு பண்ணினான். வேலை கிடைத்து ஓசூர் போன பிறகும் ஊருக்கு வரும்போதெல்லாம் பட்டறைக்கு வருகிறான். தறிக்காரருக்கு இப்போது நாலு தறிக்கும் வேண்டுமாம்.

ஏற்காட்டிலிருந்து ஒரு தம்பி வருகிறான், காபித் தோட்டத்தில் வேலை. இருபது கொண்டை ஊசி வளைவையும் பஸ்ஸில் இறங்கி வந்து, திரும்பிப் போகும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே வேலை செய்பவன். மண் ஈரம் பார்க்கிற கருவி வைத்திருந்தான். சிலிக்கோன் பூசி ஊசி முனை இடைவெளிகூட இல்லாமல் அடைத்த பெட்டி, உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் எங்களிடம் வருவார். பெட்டியை ஆட்டிப் பார்த்துவிட்டு, "அடியில ஓட்டை எங்கப்பா?" என்றார். பகல் வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து எப்படியாவது கசிந்து வெளியேறும். ராத்திரி குளிர்ந்ததும் அதே வழியில் மூடுபனியை உள்ளே இழுக்கும். உள்ளே போய்த் தண்ணீரான ஈரம் வெளியே வடிய வழியில்லை. அடியில் சின்னதாக ஓட்டை போட்டு, எறும்பு ஏறாமல் சல்லடைத் துணி ஒட்டினார்கள். அதற்கப்புறம் பெட்டியில் தண்ணீர் இல்லை.

சேராத ஜோடிகளும் உண்டு. எல்லாம் தெரிந்தவர்கள் இருவரை ஒரே மேசையில் போடக் கூடாது. ஆர்டுயினோவா, ஈஎஸ்பி32வா என்று எட்டு மணி வரை பேசுவார்கள், மிக்ஸி பிரித்தபடியே கிடக்கும். பேச்சுக்காரர்களை வாசல் பக்கம் அப்பாவிடம் அனுப்பிவிடுவேன். அவர் ஃபேனைச் சுற்றவிட்டுக் காதாலேயே "புஷ் போச்சு", "பேரிங் பரவால்ல" என்று தீர்ப்பு சொல்பவர். முப்பது வருஷம் தறிச் சத்தத்தில் இருந்த காது எப்படி இன்னும் வேலை செய்கிறதோ.

கண்டிப்பு ஒரே விஷயத்தில்தான். 230 வோல்ட்டில் மாட்டுகிற எதையும் பழுது பார்த்ததும் நேராக பிளக்கில் சொருகக் கூடாது. 100 வாட் குண்டு பல்பு தொடரில் போட்ட போர்டு வழியாகத்தான். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், ஃப்யூஸ் தப்பிக்கும். அதிகக் கரன்ட் இழுக்காத பொருள் சரியாக இருந்தால் ஒரு மின்னல் மின்னி மங்கிவிடும். அந்தப் பல்புகள் இப்போது லேசில் கிடைப்பதில்லை, பூட்டி வைத்திருக்கிறேன். மைக்ரோவேவ் அடுப்பை மட்டும் யார் கொண்டு வந்தாலும் வாங்குவதில்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் அளவு மின்சாரம் நிற்கும். உப்பிய போன் பேட்டரியும் வேண்டாம்.

காசு விஷயம் சுருக்கம்: டப்பாவில் முடிந்ததைப் போடலாம். ஈயம், டீ, தட்டுவடை செட்டுக்கு அது போதும். பாகங்களை, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோடு போகிறவர்களிடம் சொல்லிவிடுவோம்; ஸ்டெப்பர் மோட்டாரும் வழவழப்பான எஃகுத் தண்டும் பழைய இரும்புக் கடையில் செத்த பிரின்டருக்குள் இருக்கின்றன. இதற்கெல்லாம் பெங்களூருதான் லாயக்கு என்று சொல்கிறவர்களிடம் புனே பக்கத்து பாபல் கிராமத்தைச் சொல்வேன். அங்கே விக்யான் ஆசிரமத்தில் அமெரிக்காவின் எம்ஐடி உதவியோடு ஃபேப் லேப் (யாரும் வந்து பொருள் செய்து பார்க்கிற பட்டறை) வந்தது 2002ல்.

இப்போதைக்கு ஒரு ஆள் தேவை. தையல் மெஷின் மூன்று வந்து கிடக்கின்றன, மோட்டார் எல்லாம் ஓடுகிறது, ஊசிக்கும் ஹூக்குக்கும் டைமிங் வைக்க எங்களில் யாருக்கும் வரவில்லை. தெரிந்த மெக்கானிக் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை அனுப்பி வையுங்கள். அவர் பக்கத்தில் உட்கார ஒரு பெண் ஏற்கெனவே இடம் பிடித்து வைத்திருக்கிறாள்.