சவர்த்தண்ணியும் பயனளவைவாதமும்: ஒரு பரீட்சை அனுபவம்

போன மாதம் மல்லாவியில் இருந்து ஒரு தங்கச்சியும் அவளுடைய தம்பியும் பூநகரியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். இருவரும் வெளிவாரிப் பட்டத்துக்கு மெய்யியலை ஒரு பாடமாக எடுத்திருக்கிறார்கள். கையில் போட்டோக்கொப்பி எடுத்த நோட்ஸ். நான் படித்த காலத்தில் கைமாறிக்கொண்டிருந்த அதே தாள்கள். "அக்கா, இந்தப் பயனளவைவாதம் மட்டும் பிடிபடேல்லை. எல்லாரும் ஒண்டைத்தானே சொல்லுகினம், பிறகு ஏன் இத்தனை பேர்?" என்று கேட்டாள். அன்று பின்னேரம் அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கும் முதல் தடவை அப்படித்தான் தெரிந்தது. பயனளவைவாதம் (pragmatism) இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மீண்டெழுந்ததை ஆராயச் சொல்லி வினா வந்தது. "எது பயன் தருகிறதோ அதுவே உண்மை" என்று தொடங்கினேன். இந்தக் கொள்கையை வளர்த்த அமெரிக்க மெய்யியலாளர்களில் பேர்ஸுக்கும் அதே வரி, ஜேம்ஸுக்கும் டூயிக்கும் அதே வரி, கடைசியில் அதை மீட்டெழுப்பிய ரோர்ட்டிக்கும் அதுதான். பெயரும் ஆண்டும் மட்டும் மாறின. அந்தத் தாளில் சித்தி கிடைக்கவில்லை. நோட்ஸை வரிக்கு வரி பாடமாக்கியிருந்தேன். அந்த நோட்ஸிலேயே பெந்தாம், மில் ஆகியோரின் பயன்பாட்டுவாதமும் இதுவும் ஒரே பந்தியில் கலந்து கிடந்தன என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டிலும் "பயன்" என்ற சொல் இருப்பதால் வருகிற குழப்பம் இது. பயன்பாட்டுவாதம் எந்தச் செயல் நல்லது என்று கேட்கிற ஒழுக்கவியல் கொள்கை. பயனளவைவாதம் ஒரு கருத்துக்கு என்ன பொருள், ஒரு நம்பிக்கையை எப்படிச் சோதிப்பது என்று கேட்கிறது. உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞான முறையும் படித்தவர்கள் "அளவை" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டால் தடம் மாறமாட்டார்கள்.

இரண்டாம் தடவை படிக்கும்போது ஒன்றை மாற்றினேன். எங்கள் வளவுக் கிணற்றை எடுத்து, ஒவ்வொரு மெய்யியலாளரிடமும் அதையே கொண்டுபோனேன். பூநகரிக்காரருக்குத் தண்ணீரின் அருமையைச் சொல்லத் தேவையில்லை. எங்கள் கிணறு சவர்.

பேர்ஸில் தொடங்குங்கள். பெயரைப் "பியர்ஸ்" என்று பல நோட்ஸில் எழுதியிருப்பார்கள். அவர் குடும்பம் உச்சரித்தது "பேர்ஸ்". 1878இல் அவர் எழுதிய, கருத்துகளைத் தெளிவாக்குவது எப்படி என்ற கட்டுரைதான் எல்லாவற்றுக்கும் வேர். ஒரு கருத்தின் பொருளை அறிய வேண்டுமானால், அந்தக் கருத்து குறிக்கும் பொருளால் நடைமுறையில் என்னென்ன விளைவுகள் வரக்கூடும் என்று பாருங்கள், அதற்கு மேல் அந்தக் கருத்தில் ஒன்றும் இல்லை என்கிறார். வைரம் கடினமானது என்றால் என்ன? வேறு பொருட்களால் அதில் கீறல் போட முடியாது என்பதுதான்.

சரி, எங்கள் கிணறு சவர் என்றால் என்ன? வாயில் வைத்தால் கரிக்கும். தேத்தண்ணி போட்டால் ருசி கெடும். சோப் நுரைக்காது. மிளகாய்க் கன்றுக்கு ஊற்றினால் இலை நுனி கருகும். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும். அம்மா மாதம் ஒரு தடவை தேசிக்காய்ப்புளி விட்டுச் சுரண்டுவார். இவை எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் "சவர்" என்ற சொல்லில் என்ன மிச்சம்? இதைக் கொப்பியில் எழுதிய இரவுதான் பேர்ஸ் எனக்குப் புரிந்தார். இன்னொன்றையும் கவனியுங்கள். நடுச்சாமத்தில் ஒருவரும் தண்ணி அள்ளாத நேரத்திலும் கிணறு சவர்தான். "அள்ளினால் கரிக்கும்" என்ற அந்த "ஆல்" பிற்காலப் பேர்ஸுக்கு உயிர். யாருக்குப் பிடிக்கிறது, யாருக்கு ஆறுதல் தருகிறது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

ஜேம்ஸ் 1898இல் கலிபோர்னியாவில் ஆற்றிய உரையில் பயனளவைவாதம் என்ற பெயரைப் பகிரங்கமாகப் பயன்படுத்தி, பெருமையைப் பேர்ஸுக்கே கொடுத்தார். 1907இல் வந்த அவருடைய விரிவுரை நூல்தான் இதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. பொருளைப் பற்றிய முறையாக இருந்ததை அவர் உண்மையைப் பற்றிய கொள்கையாகவும் விரித்தார். நம்பிக்கையாகக் கொள்ள நல்லது எதுவோ அதுவே உண்மை என்ற தொனியில் பேசினார். பிரித்தானிய மெய்யியலாளர்களான ரசலும் மூரும் பிடித்துக்கொண்டது இந்த இடத்தை. நல்ல தண்ணி என்று நம்பினால் நிம்மதியாக இருக்கும், அதனால் தண்ணி நல்லதாகிவிடுமா என்ற மாதிரியான கேள்வி. என் முதல் விடை முழுவதும் இந்தக் கேலிச் சித்திரத்துக்குள் நின்றது. ஜேம்ஸுக்கு நியாயம் செய்ய வேண்டுமானால் அவர் வைத்த நிபந்தனையையும் எழுத வேண்டும். ஒரு நம்பிக்கை இன்றைக்கு மட்டும் இனித்தால் போதாது. ஏற்கனவே நாம் அறிந்தவற்றோடு பொருந்த வேண்டும், நாளைய அனுபவத்திலும் தாக்குப்பிடிக்க வேண்டும். அந்த நிம்மதி முதல் வாய்த் தேத்தண்ணியோடு போய்விடும். ஆனாலும் பேர்ஸுக்கு இது பிடிக்கவில்லை. ஜேம்ஸின் அந்த நூல் வருவதற்கு முன்பே, 1905இல், தன் கொள்கைக்கு வேறு பெயர் வைத்தார். ஆட்கடத்துபவர்கள் தொட மாட்டாத அளவுக்கு அழகில்லாத பெயர் என்று அவரே சொன்னார். பரீட்சையில் இந்தப் பிரிவை எழுதத் தவறாதீர்கள். பின்னால் வரும் மீளெழுச்சியில் நடப்பது இதே சண்டைதான்.

டூயியை ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும். 1896இல் சிக்காகோவில் அவர் தொடங்கிய ஆய்வுகூடப் பாடசாலை, 1916இல் ஜனநாயகமும் கல்வியும் பற்றி எழுதிய நூல் என்று கல்வியியலில் படித்திருப்பீர்கள். 2007 கலைத்திட்ட மாற்றத்தோடு எங்கள் வகுப்பறைகளுக்கு வந்த, ஐந்து படிகளில் கற்பிக்கும் 5ஈ மாதிரியின் பின்னாலும் அவருடைய நிழல் உண்டு. ஆனால் மெய்யியல் தாளுக்கு அது போதாது. எனக்கு டூயி பிடிபட்டது வட்டக்கச்சியில், மாமாவோடு சிறுபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்குப் போன நாளில்.

இரணைமடுக் குளத்தில் எவ்வளவு தண்ணி நிற்கிறது என்று நீர்ப்பாசனப் பொறியியலாளர் சொல்கிறார். அந்தத் தண்ணிக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்த வாய்க்காலுக்கு எந்தத் திகதியில் திறப்பது, கடைசி விதைப்பு எப்போது என்று கமக்காரர்கள் வாதிடுகிறார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து, போன தடவை இதே கணக்கைச் சொல்லித்தான் கடைமடைக்குத் தண்ணி வராமல் போனது, இந்த முறை ஏக்கரைக் குறையுங்கள் என்றார். கொஞ்ச நேரம் சத்தம். பிறகு ஏக்கரைக் குறைத்தார்கள். 1927இல் பொதுமக்களைப் பற்றி டூயி எழுதிய நூலில் சொல்வது இதைத்தான். ஒருவர் செய்வதன் விளைவு அதில் நேரடியாகச் சேராத மற்றவர்களையும் தாக்கும்போது, அந்த விளைவைக் கவனித்துக் கட்டுப்படுத்த வேண்டிய தேவையில் இருந்து "பொதுமக்கள்" உருவாகிறார்கள். தலைமடைக்காரர் அதிகமாக விதைத்தால் கடைமடைக்காரரின் பயிர் காயும். முந்திய போகத்தின் முடிவு இந்தப் போகத்துக்குச் சோதனைத் தரவு. அறிவு என்பது தூரத்தில் நின்று பார்ப்பது அல்ல, சிக்கலான நிலைமை ஒன்றைச் சரிசெய்யும் விசாரணை என்று டூயி சொன்னதை அந்த மண்டபத்தில் நேரே பார்த்தேன்.

டூயி 1952இல் இறந்தார். அதற்கு முன்பே காற்று திசை மாறியிருந்தது. 1930களில் ஐரோப்பாவில் இருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த கார்னப் போன்ற தருக்கப் புலனறிவாதிகளின் (logical positivists) செல்வாக்கில், மொழியையும் தருக்கத்தையும் கூறுபோட்டு ஆராயும் பகுப்பாய்வு மெய்யியல் பல்கலைக்கழகங்களைப் பிடித்தது. இதை இரண்டு வரியில் முடியுங்கள். ஆனால் பயனளவைவாதம் "அழிந்தது" என்று எழுதாதீர்கள். அமெரிக்க மெய்யியலாளர் குவைன் 1951இல் எழுதிய, அனுபவவாதத்தின் இரு வறட்டுக் கொள்கைகளைத் தாக்கும் கட்டுரை, தன் வழி பயனளவைவாதத்தை நோக்கியது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. பகுப்பாய்வு மெய்யியலின் நடுவீட்டுக்குள்ளேயே விதை கிடந்தது.

இனி நீங்கள் நின்று நிதானிக்க வேண்டிய இடம். 1979இல் ரிச்சர்ட் ரோர்ட்டி, மெய்யியலும் இயற்கையின் கண்ணாடியும் என்ற நூலை வெளியிட்டார். மனம் உலகைப் பிரதிபலிக்கும் ஒரு கண்ணாடி, அந்தக் கண்ணாடியைத் துடைத்துச் சரிபார்ப்பது மெய்யியலின் வேலை என்ற படிமத்தையே கைவிடுங்கள் என்றார். இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான மூவர் விட்கன்ஸ்டைன், ஹைடெகர், டூயி என்று எழுதினார். கல்வியியல் அலுமாரிக்குள் போய்விட்ட டூயி அந்த வரிசையில் வந்தது பலரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. நம்பிக்கையை நியாயப்படுத்துவது மனிதர்களுக்கிடையில் நடக்கும் உரையாடல். அந்த உரையாடலுக்கு வெளியே போய் உலகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு ஒரு இடம் இல்லை என்பது அவருடைய வாதம்.

இங்கே கிணற்றைக் கொஞ்சம் தெற்கே நகர்த்தினேன். வவுனியாவின் சில பகுதிகளிலும் வட மத்திய மாகாணத்திலும் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பல குடும்பங்களைப் பாதித்திருக்கிறது. குடிதண்ணீர், வெப்பம், விவசாய இரசாயனங்கள் என்று பலவற்றை ஆராய்கிறார்கள்; ஒரே முடிவு இன்னும் வரவில்லை. தலைமுறைகளாக ஊரே நல்ல தண்ணி என்று குடித்த கிணறுகள் மீது இன்று சந்தேகம் இருக்கிறது. ஊர் முழுக்க உடன்பட்ட காலத்தில் அந்தக் கூற்று உண்மையாக இருந்ததா?

ஹிலரி புட்னம் இந்தக் கேள்விக்குப் பக்கத்தில்தான் ரோர்ட்டியைப் பிரிகிறார். ஒரு கூற்றுக்கு நியாயம் இருக்கிறதா என்பது பெரும்பான்மையினர் என்ன சொல்வார்கள் என்பதைப் பொறுத்ததல்ல என்கிறார். நாம் எதிலும் தவறக்கூடும்; அதற்காக எல்லாவற்றையும் சந்தேகிக்கத் தேவையுமில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் பிடித்ததே அமெரிக்கப் பயனளவைவாதத்தின் தனிச்சிறப்பு என்பது புட்னமின் மதிப்பீடு. சூசன் ஹாக் இன்னும் கடுமை. பேர்ஸின் பக்கம் நின்று, ரோர்ட்டியினுடையது கொச்சையான பயனளவைவாதம் என்றார். இருவருடைய சொந்த வசனங்களையே எடுத்துக் கோத்து, பேர்ஸும் ரோர்ட்டியும் உரையாடுவது போல ஒரு ஆக்கமும் செய்தார். கிடைத்தால் வாசியுங்கள், இருவரும் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்கள் என்று ஒரு மணித்தியாலத்தில் தெரிந்துவிடும்.

ரோர்ட்டியிடம் மறுமொழி இல்லாமல் இல்லை. "நியாயம் இருக்கிறது, ஆனால் உண்மையாக இல்லாமலும் போகலாம்" என்று நாம் சொல்லும்போது, நாளைக்கு இன்னும் நன்றாக அறிந்தவர்கள் வந்தால் இந்த நியாயம் நிற்காது என்று எச்சரிக்கிறோம், அவ்வளவுதான் என்பார். எனக்கு இது போதவில்லை. நோயோடு கிளினிக்குக்குப் போய்வரும் ஒருவருக்கு அந்தத் தண்ணி முன்பும் என்னவாக இருந்தது என்பதுதான் கேள்வி. நான் பேர்ஸ் பக்கம். விடையில் அப்படியே எழுதினேன், காரணத்தோடு. நடுநிலையாக எல்லோரையும் புகழ்ந்து முடிக்கத் தேவையில்லை. எதிர்ப்பக்கத்தின் பலமான வாதத்தைச் சொல்லிவிட்டு உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள்.

பரந்த செல்வாக்கு என்று கேட்டால் பட்டியல் போட ஆசை வரும். இரண்டைத் தெரிந்து எழுதுங்கள். நான் எழுதியது அம்பேத்கர். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 1913இல் இருந்து 1916 வரை படித்தபோது டூயியின் வகுப்புகளில் இருந்தவர். 1936இல் எழுதிய சாதி ஒழிப்பு நூலில் டூயிக்குத் தான் பட்ட கடனைச் சொல்கிறார். மற்றது டொனால்ட் ஷோன். சிந்தித்துச் செயற்படும் தொழில்வாண்மையாளர் பற்றி 1983இல் எழுதினார். ஆசிரியர் பயிற்சியில் எழுதுகிற பிரதிபலிப்புக் குறிப்பேடு அந்த வழியில் வந்ததுதான். ஹாபர்மாஸ், பிராண்டம், கோர்னல் வெஸ்ட் ஆகியோரை ஆளுக்கொரு வரியில் தொட்டால் போதும்.

படித்த விதத்தையும் சொல்கிறேன். மூலத்தை வாசியுங்கள், ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை. பேர்ஸின் 1878 கட்டுரைக்கு எனக்கு இரண்டு கிழமை எடுத்தது, ஒரு நாளைக்கு ஒரு பக்கம். ஜேம்ஸ் இலகு, மரத்தைச் சுற்றும் அணில் உதாரணம் வரும் விரிவுரையில் தொடங்குங்கள். ஸ்ரான்போர்ட் மெய்யியல் கலைக்களஞ்சியம் இணையத்தில் இலவசம். சிக்னல் கிடைக்கும் இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டு வீட்டில் வாசிக்கலாம். மூன்று மணித்தியாலத்தில் ஐந்து வினா என்றால் ஒன்றுக்கு 36 நிமிடம். அதில் முதல் ஐந்து நிமிடத்தில் உங்கள் உதாரணத்தை ஒரு மூலையில் எழுதி, யார் என்ன சொல்வார் என்று குறித்துவிடுங்கள்.

அன்றைக்குத் தங்கச்சி என் கிணற்றை எடுக்கவில்லை. அவர்கள் ஊரில் பிரச்சினை யானை. "யானைவேலி வேலை செய்யுது எண்டால் என்ன பொருள்?" என்று நோட்ஸின் பின்பக்கத்தில் எழுதி, பேர்ஸையும் ஜேம்ஸையும் முடித்தாள். ரோர்ட்டியிடம் வரும்போது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நேற்று அந்தப் பகுதியை போனில் அனுப்பியிருந்தாள். வேலி நல்லாயிருக்கு என்று ஊர் கூடி முடிவெடுக்கலாம், ஆனால் யானை அந்தக் கூட்டத்துக்கு வருவதில்லை. வேலியை அது உடைப்பது எங்கள் எண்ணத்தை மாற்ற வைக்கிற ஒரு காரணம் (cause) மட்டுமா, எங்களுடைய முடிவுக்கு எதிரான நியாயமும் (reason) அதுதானா என்று கேட்டிருந்தாள். காரணம் மட்டும்தான் என்று ரோர்ட்டி சொல்வார் என எழுதி, அதை ஏன் அவர் அப்படிப் பிரிக்கிறார் என்று 1979 நூலில் தேடச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.