555 புக்கில் வைன்: ஆறு மாதக் கணக்கு

முதல் பாட்டிலைத் திறந்தபோது எங்கள் வீட்டு ஹாலில் 31 டிகிரி. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பிற்பகல் மூன்று மணி, மழை வருவதுபோல் இருட்டிக்கொண்டு வந்து ஏமாற்றிவிட்டுப் போன நாள், சுவரே சுடுகிறது. சிவப்பு வைனை அறை வெப்பத்தில் வைத்துக் குடிக்க வேண்டும் என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருந்ததால் நானும் பெரிய ரசிகன்போல் அலமாரியிலிருந்து எடுத்து நேராக ஊற்றினேன். மூக்கைக் கிட்டே கொண்டு போனால் ஊசி போடும் முன் நர்ஸ் தடவுவாரே, அந்த ஸ்பிரிட் வாடை. வாயில் வைத்தால் ஆறிப்போன ஜாம் தண்ணீர். 48 வெள்ளி. அன்றைக்கே விட்டிருப்பேன், ஆனால் காசு போன கோபத்தில் மிச்சத்தை மூடி ஐஸ்பெட்டியில் தள்ளினேன், மறுநாள் சாயங்காலம் எடுத்துக் கொஞ்சம் குளிர் விட்டதும் குடித்துப் பார்த்தால் அதே பாட்டில் வேறு ஆள்.

அவர்கள் சொல்லும் "அறை" ஐரோப்பாவின் பழைய கல் வீட்டு அறை என்பது அப்புறம்தான் உறைத்தது. சிவப்புக்கு 16 முதல் 18 டிகிரி, வெள்ளைக்கு 8 முதல் 12. நம் ஊரில் அந்த அறை ஐஸ்பெட்டிக்குள்தான் இருக்கிறது. "குடிக்கும் முன் 20 நிமிடம் குளிர வையுங்கள்" என்பதும் அவர்கள் வீட்டுக் கணக்கே. சமையலுக்கு வாங்கிய தெர்மாமீட்டரை வைத்து நான் பார்த்ததில், 31-லிருந்து 17-க்கு இறங்க ஐஸ்பெட்டியில் ஒன்றரை மணி நேரம் பிடித்தது. வாளியில் ஐஸும் தண்ணீரும் சேர்த்துப் பாட்டிலின் கழுத்து வரை முக்கினால் கால் மணி நேரம் போதும். வெறும் ஐஸ் கட்டி மட்டும் போட்டால் இடையில் காற்றுதான் நிற்கும், தண்ணீர் கட்டாயம் வேண்டும். ஊற்றுவதும் 50 மில்லிதான், அதற்குமேல் ஊற்றினால் பேசிக்கொண்டிருக்கும்போதே கிளாசில் சூடேறிவிடுகிறது.

இந்த ஆறு மாதத்தில் உருப்படியாகக் கற்றது எது என்று கேட்டால் முதலில் இந்த வெப்பக் கணக்கைத்தான் சொல்வேன்.

கிளாஸ் விஷயத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. அடி அகலமாக, வாய் குறுகலாக இருந்தால் வாசனை உள்ளே நிற்கும். நாலு வாங்கினேன், ஒன்று உடைந்துவிட்டது. துப்புவதற்குப் பழைய மைலோ டின். துப்புவது அசிங்கம் என்று முதலில் கூச்சமாக இருந்தது, ஆனால் மூன்று வைனை ஒரே நேரத்தில் ஒப்பிட்டுப் பார்க்கிறவனுக்கு வேறு வழி கிடையாது, மூன்றாவதற்கு வரும்போது நாக்கு மரத்துப்போய் எல்லாமே நன்றாக இருக்கிறது என்று தோன்றிவிடும். மோட்டாரில் வரும் மச்சினன் அன்றைக்கு எங்கள் வீட்டிலேயே படுத்துக்கொள்வான், அது என் மனைவி போட்ட சட்டம்.

குறிப்பு எழுத 555 புக்கு. தவுக்கே, அதாவது முதலாளி, கடையில் கடன் எழுதுவார்களே, அந்தச் சின்னப் புத்தகம்தான், சட்டைப் பையில் அடங்கும். முதல் பத்துப் பக்கத்தைத் திருப்பினால் இப்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. பிளாக்கரண்ட், கூஸ்பெரி, வயலட் பூ என்று லேபிளில் இருந்ததை அப்படியே காப்பி அடித்திருக்கிறேன். கூஸ்பெரியை நான் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காத பழத்தின் வாசனை வருகிறது என்று எழுதியவன் எதைத்தான் எழுதமாட்டான்?

அதனால் இரண்டாவது மாதத்திலிருந்து எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு போட்டேன்: என் மூக்குக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுவது. நியூசிலாந்தின் மார்ல்பரோ வட்டாரத்துச் சாவிஞோன் பிளாங்க் என்ற வெள்ளை வைனுக்கு "காய்வெட்டான கொய்யா, புல் வெட்டும் மெஷின் போன பிறகு திடலில் வரும் வாசனை" என்று எழுதினேன், அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை என்றுகூடத் தோன்றியது. சிவப்பில் ஈறு இழுக்கிறதே, அதற்கு டானின் என்று பெயர், திராட்சைத் தோலிலும் கொட்டையிலும் இருந்து வருவது, எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வாய் வறண்டு போகிறது. இதை விளக்கப் பல பேர் பத்தி பத்தியாக எழுதுகிறார்கள். நமக்குத் துவர்ப்பு என்ற ஒரு சொல் போதும், பாக்கு மென்றவனுக்கு அதுவும் வேண்டாம். நான் மூன்று அளவு வைத்திருக்கிறேன்: வாழைப்பூ, பால் சேர்க்காத கடுந்தே ஓ, பச்சைப் பாக்கு. மெர்லோ என்ற திராட்சையின் வைன் வாழைப்பூ அளவில் நிற்கும். இளசான கேபர்னே சாவிஞோன் நேராகப் பச்சைப் பாக்கு.

ஆஸ்திரேலியாவின் ஷிராஸ் என்ற சிவப்பு வைனில் மிளகு வாசனை என்பார்கள், அது கதையில்லை, மிளகில் இருக்கும் ரோட்டன்டோன் என்ற அதே பொருள்தான் அதிலும் இருக்கிறது, ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2008-இல் கண்டுபிடித்தது. ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசனை மூக்கில் ஏறவே ஏறாதாம். எங்கள் வீட்டில் அந்த ஒருவர் மச்சினன் என்றே நினைக்கிறேன், மூன்று பாட்டில் மாற்றிப் பார்த்தாயிற்று. "மிளகு ரசத்துல தெரியுதே மாமா" என்று சண்டைக்கு வருகிறான். ரசத்தில் காரமும் மிளகின் மற்ற வாசனைகளும் சேர்ந்து வருகிறதடா என்றால் கேட்பதில்லை.

இனி அம்மா. வீட்டில் பாட்டில் இருப்பதே அம்மாவுக்குப் பிடிக்காது. தோட்டத்தில் சம்சு என்ற மலிவுச் சாராயம் குடித்து அழிந்த லயங்களைக் கண்ணால் பார்த்தவர், அதை நான் குறை சொல்லமாட்டேன். தாத்தா கள்ளோடு நிறுத்திக்கொண்டவர். கிளாசை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனதுமே காலையில் இறக்கியதா, நேற்று மிஞ்சியதா என்று சொல்லிவிடுவாராம். ஒருநாள் நான் மறந்துபோய் ஐந்து நாள் வெளியே வைத்துவிட்ட பாதிப் பாட்டிலைத் திறந்தபோது, அம்மா அடுப்படியிலிருந்தே, "நேத்துக் கள்ளு நாத்தம் வருது, யார்ரா?" என்றார். அசிட்டிக் அமிலம், காடியாகத் திரும்பும் வாசனை. கள்ளு ஒரு நாளில் போகும் அந்த வழியில் வைன் கொஞ்சம் மெதுவாகப் போகிறது, அவ்வளவுதான். இப்போதெல்லாம் பாதியை உடனே சின்னப் பாட்டிலில் விளிம்பு வரை ஊற்றி மூடி ஐஸ்பெட்டியில் வைத்துவிடுகிறேன், நாலு நாள் தாங்குகிறது.

அதற்குப் பிறகு நானே கிளாசை அம்மாவிடம் நீட்ட ஆரம்பித்தேன், குடிக்க வேண்டாம், மோந்து மட்டும் பாரும்மா என்று. கெவுர்ட்ஸ்ட்ராமினர் என்று வாயில் நுழையாத பெயருள்ள ஒரு வெள்ளை. "பண்டுங் தண்ணி" என்றார். ரோஸ் சிரப்! புத்தகங்களும் ரோஜா, லைச்சி என்றுதான் சொல்கின்றன. ரோஜாவில் இருக்கும் ஒரு வாசனைப் பொருள் இந்தத் திராட்சையிலும் லைச்சிப் பழத்திலும் இருக்கிறது. அம்மாவுக்கு அதைச் சொன்னபோது, அதுக்கு இவ்ளோ காசா என்று கேட்டார்.

பெரிய கூத்து பினோட்டாஜ் பாட்டிலில் நடந்தது. தென்னாப்பிரிக்காவின் சொந்தத் திராட்சை. 1925-இல் ஸ்டெல்லன்போஷில் ஆப்ரகாம் பெரோல்ட் என்ற பேராசிரியர் பினோ நுவார், சின்சோ என்ற இரண்டு திராட்சை இனங்களைக் கலந்து உண்டாக்கியது. இதில் எரிந்த ரப்பர் நாற்றம் வருகிறது என்று உலகத்தில் பல பேர் குறை சொல்வார்கள். ரப்பர் என்றால் நம்மிடம் அல்லவா கேட்க வேண்டும்! 62 வெள்ளி கொடுத்து அதற்காகவே வாங்கினேன். திறந்ததும் டயருக்கு ஒட்டுப் போடும் கடை வாசலில் நிற்பது போலத்தான் இருந்தது. இருபது வருஷம் பால் வெட்டிய அம்மா இரண்டு தடவை மோந்துவிட்டு, "இது எரிஞ்ச ரப்பர் இல்லடா, ரெண்டு வாசம் இருக்கு. ஒண்ணு டியூப்பு. இன்னொண்ணு ஷீட்டுக்குப் புகை போடுற கொட்டகை, அது நல்ல வாசம்" என்றார்.

இரண்டையும் எப்படிப் பிரிப்பது? வைனில் வரும் டியூப் வாசனை பெரும்பாலும் கந்தகச் சேர்மங்களால் வருவது, செம்பு பட்டால் அதில் ஒரு பகுதி அடங்கும் என்று படித்திருந்தேன், பழைய செம்புக் காசைப் போட்டு ஆட்டுவார்களாம். வீட்டில் செம்பு எங்கே இருக்கிறது என்று தேடினேன். சாமி மேடையில் தீர்த்தக் கரண்டி. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து ஒரு நிமிடம் கலக்கினேன், டியூப் வாசனை உண்மையிலேயே பாதிக்குமேல் போய்விட்டது, புகையும் கருத்த பழமும் மட்டும் நின்றன. புகை, உள்ளே வாட்டிய ஓக் பீப்பாயிலிருந்து வருவதாக இருக்கலாம், அதைச் செம்பு தொடாது. நான் சந்தோஷத்தில் எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா கரண்டியைப் பார்த்துவிட்டார். அடுத்த இரண்டு வாரத்துக்கு 555 புக்கில் எந்தப் பதிவும் இல்லை. இப்போது என்னிடம் மின்சாரக் கம்பியை உரித்துத் தேய்த்துக் கழுவிய செம்புத் துண்டு ஒன்று தனியாக இருக்கிறது. அரை நிமிடம் கலக்கி எடுத்துவிடுவேன், ஊற விடுவதில்லை.

வாங்கும் இடம் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் ஊர்க் கடை ஒன்றில் வைன் தட்டு வாசலைப் பார்த்து இருக்கிறது, நாலு மணி வெயில் நேராக அடிக்கும். அங்கே வாங்கிய ஒன்றில் கார்க் அரை விரல் வெளியே தள்ளியிருந்தது, உள்ளே இருந்தது வெந்த திராட்சை. அதிலிருந்து ஈப்போ போகும்போது குளிர்சாதனம் உள்ள கடையில்தான் வாங்குகிறேன், முடிந்தால் திருகு மூடி. திருகு மூடி மட்டச் சரக்கு என்ற நினைப்பு எனக்கும் இருந்தது. ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் என்ற நல்ல வெள்ளை வைன் செய்கிறவர்களே 2000-இல் கூட்டாக அதற்கு மாறினார்கள் என்று படித்த பிறகு போய்விட்டது. கொஞ்சம் இனிப்பு நிற்கும் ரீஸ்லிங்தான் எங்கள் வீட்டுப் பன்றி வறுவலுக்குச் சேர்ந்த ஒரே வைன். 14.5 சதவீத ஷிராஸோடு அதே வறுவலைச் சாப்பிட்டால் மிளகாயும் சாராயமும் சேர்ந்து தொண்டையில் தீ மிதிக்கிறது.

நான்காவது மாதம் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது போல. மனைவி ஒரு கிளாஸ் கொண்டுவந்து, "என்னங்க, இது என்னன்னு சொல்லுங்க" என்றாள். நாவல்பழம், லேசான துவர்ப்பு, வாழைப்பூ அளவு, மெர்லோவாக இருக்கலாம் என்று எழுதினேன். அது முந்தின நாள் திறந்த வெள்ளை வைன், மகள் பிறந்தநாள் கேக்குக்கு வாங்கிய சிவப்புக் கலர் நாலு சொட்டு. 2001-இல் பிரான்சில் போர்தோ மாணவர்கள் 54 பேருக்கு இதையே செய்து பார்த்து, அவர்களும் சிவப்புக்குரிய சொற்களாக எழுதினார்கள் என்று பிறகு படித்து மனத்தைத் தேற்றிக்கொண்டேன். வைன் படிக்கிற மாணவர்கள் அவர்கள். அந்தப் பக்கத்தைக் கிழிக்க விடாமல் மனைவி போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள்.

போன சனிக்கிழமை பெரிய சோதனை. மச்சினன் ஆறு பாட்டிலையும் பேப்பரில் சுற்றி எண் போட்டு வைத்தான், நான் ஒவ்வொன்றையும் மோந்து, சுவைத்து, மைலோ டின்னில் துப்பி, இருபது நிமிடத்தில் பதில் எழுதினேன். ஆறில் நாலு சரி. ஐந்தாவதை மெர்லோ என்று எழுதியிருந்தேன், அது சிலி நாட்டுக் கார்மனேர் என்ற வேறொரு சிவப்புத் திராட்சை. 1994-இல் பூர்சிகோ என்ற பிரெஞ்சு நிபுணர் போய்ச் சொல்லும் வரை சிலிக்காரர்களே அதை மெர்லோ என்று நினைத்துத்தான் வளர்த்துக்கொண்டிருந்தார்கள் என்று மச்சினனிடம் வாதாடிப் பார்த்தேன், மார்க் தரவில்லை. அந்த நேரம் பார்த்து அம்மா தண்ணீர் குடிக்க ஹாலுக்கு வந்து, மேசையைத் தாண்டும்போது, "குடமிளகாய் நறுக்கினீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கார்மனேரின் அடையாளமே அந்த வாசனைதான்.

அடுத்த மாதம் ரோஸே, இளஞ்சிவப்பு வைன். அம்மாவுக்கு ஒரு கிளாஸ் தனியாக வாங்கியிருக்கிறேன், மோப்பதற்கு.