எந்த நீலாவணை?

மட்டக்களப்பில் பதிவேட்டு அறை லிகிதராக இருந்த காலத்தில், பழைய பிறப்புப் பத்திரம் தேடி வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது தாயின் பெயரையும் ஊரையும்தான். பிள்ளையின் பெயரை நம்பித் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். பல பதிவுகளில் அந்தக் கட்டம் வெறுமையாகக் கிடக்கும். பிறந்ததைப் பதிந்துவிட்டுப் போனவர்கள், பெயர் வைத்த பிறகு அதைச் சேர்க்க வந்திருக்க மாட்டார்கள்.

ஊரிலும் வில்லங்கம் உண்டு. பெரியம்மாவின் பத்திரத்துக்காக வந்த ஓர் இளைஞரிடம் பள்ளிக்கூட விடுகைப் பத்திரம் மட்டுமே இருந்தது. மற்றவை 1978 சூறாவளியில் றங்குப்பெட்டியோடு போய்விட்டனவாம். பிறந்த இடம் 'நீலாவணை, மட்டக்களப்பு', ஆண்டு 1938. மட்டக்களப்பு மாவட்டத்து நீலாவணை என்றால் துறைநீலாவணைதான் என்று, அதற்குரிய ஏடுகளை இரண்டு நாள் புரட்டினோம். தும்மல்தான் கண்ட பலன்.

மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது. கல்முனைப் பக்கம் பெரியநீலாவணையும் இருக்கிறதே! இன்று அது அம்பாறை மாவட்டம். ஆனால் அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதற்கு முன் பிறந்தவருக்கு அதுவும் மட்டக்களப்புத்தான். இத்தனை வருட உத்தியோகத்துக்குப் பிறகும் இது தோன்ற மூன்று நாள் ஆனதில் எனக்கு இன்னமும் வெட்கம்.

"தம்பி, பெரியம்மாவின் சின்ன வயதில் வீட்டு வாசலில் தோணி தெரியுமா, இரவில் கடல் இரைச்சல் கேட்குமா என்று மட்டும் கேளுங்கள்."

துறைநீலாவணை வாவிக்கரை, மற்றது கடற்கரை. எந்த ஊர் என்று கேட்டபோதெல்லாம் "நீலாவணைதான், வேறென்ன?" என்று எரிந்து விழுந்த பெரியம்மா, இதற்கு நெடுநேரம் பேசினாராம். கடல் இரைச்சலுக்குப் பயந்து அம்மம்மாவின் சேலைக்குள் முகத்தை மூடிக்கொண்டு படுப்பாராம். அம்மம்மா வீடு என்றதும் எனக்கு நம்பிக்கை வந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளைதான் அங்கே குடிவருவார். பிள்ளை பிறப்பதும் பெரும்பாலும் அந்த வளவில்தான்.

இளைஞரைக் கல்முனைக்கு அனுப்பினேன். இரண்டு கிழமை கழித்துப் பிரதியோடு வந்தார். தாய் தகப்பன் பெயர் சரி. பிள்ளையின் பெயர்க் கட்டம் வெறுமை. ஆண்டு மட்டும் 1936.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வயதைக் குறைத்துப் போடுவது அந்நாளில் புதினமில்லை என்றேன். பெயர் சேர்ப்பதற்கான விண்ணப்பத்தையும் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் போகாமல் நின்றார்.

"இரண்டு வயது கூடிவிட்டதை அவரிடம் யார் ஐயா சொல்வது?"