செய்தி வகுப்பில் நான் முதலில் திருத்துவது குறிப்பேட்டைத்தான்

செய்தி எழுதச் சொல்லிக்கொடுக்கும் யாருக்கும் இந்த வரி பழக்கமாக இருக்கும்: "நூலக நேரம் குறித்த கலந்தாய்வுக் கூட்டம் நேற்று சிறப்பாக நடைபெற்றது." கூட்டம் நடந்தது செய்தியில்லை. நூலகத்தை இனி இரவு எட்டு மணிக்கே மூடப்போகிறார்கள் என்பதுதான் செய்தி, அது ஏழாவது பத்தியில் கிடக்கும். மேலே கொண்டுவாருங்கள் என்றால் மாணவர்கள் கொண்டுவந்துவிடுவார்கள். சரி, இதுவரை எத்தனை மணி வரை திறந்திருந்தது, இரவில் எத்தனை பேர் வந்துகொண்டிருந்தார்கள், ஏன் இந்த மாற்றம், முடிவெடுத்தது யார் என்று கேட்டால் பதில் இருக்காது. அதை யாரிடமும் அவர்கள் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

மாணவர்களுக்கு எழுத வரவில்லை என்று நாம் குறைபட்டுக்கொள்வதில் பெரும்பகுதி இதுதான். கையில் தகவல் இல்லாதபோதுதான் "சிறப்பாக", "பெரும் பரபரப்பு", "சோகத்தில் ஆழ்த்தியுள்ளது" எல்லாம் வந்து இடத்தை நிரப்புகின்றன. முக்கியமானதை முதலில் வைத்து மற்றதைக் கீழே அடுக்கும் தலைகீழ் பிரமிடு, யார்-என்ன-எங்கே-எப்போது-ஏன்-எப்படி, இவற்றை ஒரு வகுப்பில் சொல்லி முடித்துவிடலாம். மீதி நேரம் முழுக்க விசாரிப்பதற்குத்தான் போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அதில் பெரிய தடை கூச்சம். முன்பின் தெரியாத ஒருவரிடம் போய், "நான் இதழியல் மாணவர், இதைப் பற்றி எழுதுகிறேன், ரெண்டு கேள்வி கேட்கலாமா?" என்று சொல்வதற்குள் நாக்கு வறண்டுவிடுகிறது, அதனால் வாட்ஸ்அப்பில் கேள்வியை அனுப்பிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள். வருகிற பதில் யோசித்து யோசித்துத் துடைத்து எடுத்த பதிலாக இருக்கும், துணைக்கேள்விக்கும் அங்கே இடமில்லை. அதனால் முதல் சில வாரங்கள் நான் எதையும் எழுதச் சொல்வதில்லை, போய்ப் பேசிவிட்டு வாருங்கள் என்பதோடு சரி. இருவர் இருவராக அனுப்புவேன், ஒரே ஆளிடம் பேசிவிட்டு வந்து தனித்தனியாகக் குறிப்பைப் படிக்கும்போது, ஒருவர் "பரிசீலிப்போம்" என்று எழுதியிருப்பதை இன்னொருவர் "செய்வோம்" என்று எழுதியிருப்பார். இந்த ஒரு வித்தியாசம் போதும், வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்துவிடும். கேள்வி கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டிருப்பதையும் பழக வேண்டும், பதில் சொன்னவர் கொஞ்சம் நிறுத்திவிட்டுத் தொடர்வதில்தான் பல நேரம் விஷயமே இருக்கும். கிளம்பும் முன் இரண்டு கேள்விகள் கட்டாயம்: நான் கேட்காமல் விட்டது ஏதாவது இருக்கிறதா? இதைப் பற்றி வேறு யாரிடம் பேசலாம்?

அப்புறம் இந்தக் "கூறப்படுகிறது". கூறியது யார்? "தெரிகிறது" என்றால் யாருக்கு, எப்படித் தெரிந்தது? சொன்னவரின் பெயரை மறைப்பதற்குத் தமிழில் இத்தனை வசதி இருப்பதால் மாணவர்கள் அதற்குள் சுலபமாக ஒளிந்துகொள்கிறார்கள். அப்படி ஒரு வினைமுற்று வந்தால் ஓரத்தில் "யார்?" என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

சரிபார்ப்பதற்கு நான் எடுத்துக்காட்டுவது 1948 அமெரிக்க அதிபர் தேர்தல். அப்போதைய அதிபர் ட்ரூமனை எதிர்த்து நின்ற டியூவி தோற்கடித்தார் என்று சிகாகோ டெய்லி ட்ரிப்யூன் நாளிதழ் தலைப்பே போட்டது, ஜெயித்ததோ ட்ரூமன். அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் வழக்கத்தைவிட முன்னதாகவே பக்கத்தை முடிக்க வேண்டிய நெருக்கடி, டியூவிதான் வருவார் என்று எல்லோருமே நம்பியிருந்த சூழல். அவசரமும் ஊரே நம்புவதும் சேர்ந்தால் அனுபவசாலிகளே தடுக்கி விழுவார்கள் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. எண்களும் அப்படித்தான். கட்டண உயர்வு 4 சதவீதத்திலிருந்து 6 சதவீதமானால் "2 சதவீதம் கூடியது" என்று எழுதிவிடுகிறார்கள். கூடியது 2 சதவீதப் புள்ளிகள், விகிதத்தைப் பார்த்தால் 50 சதவீதம் கூடியிருக்கிறது. கணக்கு வராது என்று சொல்லிக்கொண்டு செய்தியாளராக முடியாது.

மதிப்பெண்ணில் பாதி குறிப்பேட்டுக்கு. யாரிடம், எப்போது பேசினீர்கள், எதை நேரில் பார்த்தீர்கள், எந்த ஆவணத்தைப் புரட்டினீர்கள், எல்லாம் அதில் இருக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கொடுத்து வாக்கியத்தைச் செதுக்கி வாங்கிவிடலாம், அந்தக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர் ஏன் பாதியில் எழுந்து போனார் என்பதை அது சொல்லாது, அவரைத் துரத்திப் போய்க் கேட்டவர்தான் சொல்ல முடியும்.

எழுதியதை ஆசிரியர் மட்டும் படித்தால் இவ்வளவும் வீண். அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தின் இதழியல் பள்ளி 1908-இல் தொடங்கிய அன்றே மாணவர்களை வைத்து ஒரு நாளிதழையும் தொடங்கிவிட்டது, அந்தத் துணிச்சல் இன்று ஒரு இணையதளம் தொடங்கப் பல கல்லூரிகளுக்கு வருவதில்லை. செய்தியில் வந்தவரே அதைப் படிக்க வேண்டும், பெயர் தப்பாக இருந்தால் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், அந்த அழைப்பை ஆசிரியர் எடுக்கக் கூடாது, எழுதிய மாணவர் எடுக்க வேண்டும். திருத்தம் போட வேண்டியிருந்தால் அதையும் அவரே எழுதட்டும், செய்தி வந்த அதே பக்கத்தில்.