ஓடாத மோட்டாரும் ரிப்பேர் பில்லும்

டீக்கடை கதை எழுதி எழுதி எல்லாருக்கும் சலிச்சுப்போச்சுன்னு தெரியும், ஆனா என்ன பண்றது, இது ஆரம்பிச்சது டீக்கடையிலதான். 2023 ஆகஸ்ட் 15, லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். காலைல ஸ்கூல்ல கொடி ஏத்தி முட்டாய் குடுத்து முடிச்சாச்சு. கடை பெஞ்சுல என் சித்தப்பாவோட சேத்து ஏழெட்டு பேரு, மணிப்பூர்ல ஆரம்பிச்சு உக்ரைன் போயி ஸ்டாலின் மோடி எடப்பாடின்னு ஒரு ரவுண்டு வந்துட்டாங்க. யாரு எங்க கோட்டை விட்டாங்க, இவரு இருந்திருந்தா இப்படி நடந்திருக்குமான்னு ஒவ்வொருத்தரும் பிரதமர் ஆபீஸ்ல இருந்து நேரா டீ குடிக்க வந்த மாதிரி பேசறாங்க. அங்கேர்ந்து அம்பதடி தள்ளி வேப்பமரத்தடில மைக் செட்ல "கிராமசபைக் கூட்டம் ஆரம்பிக்கப் போகுது, பொதுமக்கள் வரவும்"னு கத்திட்டே இருக்கான். ஒருத்தர்கூட எந்திரிக்கல. சித்தப்பாவைக் கூப்பிட்டேன், "அங்க என்னடா இருக்கு, எல்லாம் முன்னாடியே எழுதி வச்சிருப்பானுங்க"ன்னுட்டாரு.

நான் மட்டும் போனேன். சும்மா வேடிக்கை பாக்கத்தான், வேற எந்த நோக்கமும் இல்ல.

தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994ல வந்தது. முதல்ல வருஷத்துக்கு நாலு தடவை, ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 அன்னைக்கு கிராமசபை நடக்கும். 2022ல இருந்து மார்ச் 22, நவம்பர் 1 ரெண்டையும் சேத்து ஆறாக்கிட்டாங்க. ஊர்ல ஓட்டு இருக்குற அத்தனை பேரும் அதுல உறுப்பினர், எம்எல்ஏ மாதிரி நமக்காக வேற யாரோ போயி உக்கார்ற சபை இல்ல. வரவு செலவு கணக்கை அங்க படிச்சே ஆகணும். எங்க ஊர் மாதிரி மூவாயிரத்துக்குள்ள ஜனத்தொகைன்னா 100 பேராவது வந்திருக்கணும், அதுதான் கோரம்.

நான் எண்ணிப் பாத்தேன், நாப்பது பேரு கூட தேறல. அதுலயும் முக்கால்வாசி நூறு நாள் வேலைக்குப் போற பொம்பளைங்க, வரலைன்னா அட்டெண்டன்ஸ்ல பேர் இருக்காதோன்னு ஒரு பயம், அதான் வந்திருக்காங்க. தலைவர் ஒரு அக்கா, பெண்கள் ஒதுக்கீட்டுல ஜெயிச்சவங்க. சேர்ல உக்காந்திருக்காங்க, நோட்டுல கையெழுத்துப் போடறாங்க, பேசறது பூரா பக்கத்துல நிக்கிற அவங்க வீட்டுக்காரர். ஊர்லயும் அவரைத்தான் தலைவரேன்னு கூப்பிடுவாங்க. 50 சதவீத இடஒதுக்கீடுன்னு சட்டம் போட்டு சேரை அந்தம்மாகிட்ட குடுத்தாச்சு, ஆனா மைக் என்னவோ அந்தாளு கையிலயேதான் நிக்குது. இதைக் கேலி பண்ண ஈஸியா இருக்கு, ஆனா அந்தக்கா ரெண்டு மூணு தடவை வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்ததையும் நான் பாத்தேன்.

சேருக்கும் அதிகாரத்துக்கும் உள்ள இந்தத் தகராறு நம்ம ஊர்ல சின்ன விஷயம் இல்லங்க. மதுரை மாவட்டம் மேலவளவுல முருகேசன்ங்கற தலித் ஊராட்சித் தலைவரா ஜெயிச்ச ஒரே காரணத்துக்காக 1997ல வெட்டிக் கொன்னாங்க. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்துல தலித்துக்கு ஒதுக்குன பதவிங்கறதால 1996ல இருந்து பத்து வருஷம் தேர்தலே ஒழுங்கா நடக்க விடல, 2006லதான் நடந்துச்சு. 2020ல கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டைல ஊராட்சித் தலைவரா இருந்த ஒரு தலித் பெண்ணைத் தரையில உக்கார வச்சு மத்தவங்க சேர்ல உக்காந்த போட்டோ வந்துச்சே, ஞாபகம் இருக்கும். ஒரு பிளாஸ்டிக் சேருக்கு இவ்ளோ ஆத்திரப்படறாங்கன்னா அந்தப் பதவில என்னமோ இருக்குன்னுதானே அர்த்தம். அதைப் பிடிக்கத் துடிக்கிறவனுக்கு அதோட மதிப்பு நல்லாத் தெரியுது, கணக்கு கேக்க வேண்டிய நமக்குத்தான் தெரியல.

சரி, கூட்டத்துக்கு வரேன். கிளார்க்கு (ஊராட்சி செயலர்தான், எங்க ஊர்ல கிளார்க்குன்னாதான் தெரியும்) கணக்கைக் கடகடன்னு படிக்கிறாரு, ரேஷன் கடைல பேர் கூப்பிடற ஸ்பீடு. தெருவிளக்கு, பிளீச்சிங் பவுடர், மோட்டார் ரிப்பேர், பைப்லைன், மறுபடி மோட்டார் ரிப்பேர். கீழத்தெரு சின்டெக்ஸ் டேங்க் மோட்டார் மட்டும் நாலு தடவை வந்துச்சு. எனக்கே அது காதுல விழுந்துச்சு, கேக்கலாமான்னு யோசிச்சிட்டு இருக்கும்போதே பின்னாடி கடைசி வரிசைல உக்காந்திருந்த ஒரு அக்கா, அம்பது வயசு இருக்கும், முந்தானையை இழுத்துச் சொருகிட்டு எந்திரிச்சாங்க.

"அந்த மோட்டாரு ஆறு மாசமா ஓடவே இல்லியேப்பா, ஓடாத மோட்டாரு எப்படிப்பா ரிப்பேர் ஆவும்?"

கூட்டமே கொல்லுனு சிரிச்சிருச்சு. கிளார்க்கு சிரிச்சாரு, கூட்டத்தைக் கவனிக்க பற்றாளரா வந்திருந்த ஆபீசர் சிரிச்சாரு, நானும் சிரிச்சேன். அந்தச் சிரிப்புலயே கேள்வி முங்கிப்போச்சு. தலைவர் வீட்டுக்காரரும் சிரிச்சிட்டே "யக்கா, நீ வீட்டுக்கு வா, பேசிக்கலாம்"னாரு, அடுத்த ஐட்டத்துக்குப் போயிட்டாங்க. அந்தக்கா கொஞ்ச நேரம் நின்னுட்டு உக்காந்துட்டாங்க. அவங்க மட்டும் சிரிக்கல.

நான் ஏன் கேக்கல? படிச்சிருக்கேன், ஃபேஸ்புக்ல ரஃபேல் விலை வரைக்கும் பேசியிருக்கேன். விஷயம் என்னன்னா, அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி எங்கப்பாவுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு வலி வந்தப்போ நான் சென்னைல இருந்தேன், அம்மா போன் பண்ணதும் லுங்கியோட ஓடி வந்து தன் கார்ல தூக்கிப் போட்டு ஜிஎச்சுக்குக் கொண்டு போனது இதே தலைவர் வீட்டுக்காரர்தான். விடியற வரைக்கும் வராண்டால உக்காந்திருந்தாராம். பெட்ரோல் காசு குடுத்தா வாங்கல. அந்த மனுசனை நாலு பேரு மத்தில நிக்க வச்சு மோட்டார் பில் எங்கன்னு எப்படிங்க கேக்கறது? எனக்கு வாய் வரல. அவர் காசு எடுத்தாரா இல்லையான்னே எனக்குத் தெரியாது, பில் எல்லாம் சரியாவே கூட இருக்கலாம், ஆனா கேட்டாலே திருடன்னு சொன்ன மாதிரி ஆயிடும், நாளைக்கு அவர் வீட்டு விசேஷத்துக்கு நாங்க போகணும், எங்க வீட்டுச் சாவுக்கு அவர் வரணும்.

எனக்கு அன்னைக்குத்தான் டீக்கடை பெஞ்சு புரிஞ்சுது. டெல்லில இருக்குற தலைவரைத் திட்டுறதுல நமக்குச் செலவு ஒண்ணும் இல்ல. அவர் நம்மளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகல, நம்ம வீட்டுக்குப் பத்திரிகை வைக்க வரப்போறதும் இல்ல. புகழறதுக்கும் அதே லாஜிக்தான். தூரத்துல இருக்கற தலைவரைப் பாக்க காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் வெயில்ல நிப்போம், 2025 செப்டம்பர்ல கரூர்ல அப்படிக் காத்துக்கிட்டிருந்த கூட்டத்துல 41 பேரு நசுங்கிச் செத்தாங்க, குழந்தைங்க உட்பட. அவங்களைக் குத்தம் சொல்ல நான் யாரு. ஆனா அதே ஜனம், அதாவது நாமதான், வேப்பமரத்தடிக்கு ஒரு மணி நேரம் வர மாட்டோம். உதவி பண்ற ஆளுதான் நமக்குத் தலைவர். உதவி பண்ணவன்கிட்ட கணக்குக் கேட்டா நன்றிகெட்டவன்னு பேர் வரும். அது அவருக்கும் நல்லாத் தெரியும், அந்த ராத்திரி அதையெல்லாம் நினைச்சு வந்திருக்க மாட்டாருன்னுதான் இப்பவும் நம்பறேன்.

கிராமசபையால ஒண்ணும் நடக்காதுன்னு சித்தப்பா மாதிரி சொல்லவும் என்னால முடியல. மதுரை பக்கம் அரிட்டாபட்டில டங்ஸ்டன் சுரங்கம்னு 2024 கடைசில வந்தப்போ சுத்துவட்டாரக் கிராமசபைகள்ல வேண்டாம்னு தீர்மானம் போட்டாங்க, ஊர் ஊரா நடந்து போராடினாங்க, 2025 ஜனவரில மத்திய அரசு அந்த ஏலத்தையே ரத்து பண்ணுச்சு. பரந்தூர் ஏர்போர்ட்டுக்கு எதிரா ஏகனாபுரத்துக்காரங்க 2022ல இருந்து ஒவ்வொரு கிராமசபைலயும் தீர்மானம் போட்டாங்க. அங்கெல்லாம் எதிராளி வெளில இருந்து வந்தான், அதனால ஊர் ஒண்ணாச்சு. மோட்டார் பில்லுக்கு எதிராளி பங்காளி, அங்கதான் சிக்கல்.

இன்னொண்ணு, 2016 அக்டோபர்ல இருந்து 2019 டிசம்பர் வரைக்கும் உள்ளாட்சித் தேர்தலே நடக்காம, அரசு போட்ட தனி அலுவலர்தான் ஊராட்சியைப் பாத்தாங்க, 2025 ஜனவரி 5ஓட எங்க தலைவர் பதவிக்காலமும் முடிஞ்சு திரும்பவும் தனி அலுவலர்னு ஆச்சு. எம்எல்ஏ எலக்சன் மூணு வருஷம் தள்ளிப்போனா சும்மா இருப்போமா? இதுக்கு டீக்கடைல ஒரு வார்த்தை வரல. கிளார்க்கும் மாறல, நோட்டும் மாறல.

அன்னைக்குக் கூட்டம் முடிஞ்சு கலையும்போது மோட்டாரைப் பத்திக் கேட்ட அந்தக்கா என்னைக் கடந்து போனாங்க. "நீ படிச்ச புள்ளதானே தம்பி, நீயாச்சும் ஒரு வார்த்தை கேட்ருக்கலாம்"னாங்க. கோவமாக்கூட சொல்லல. தண்ணிக் குடத்தை எடுத்துக்கிட்டு மேலத்தெரு குழாய்க்குப் போயிட்டாங்க.

சாயங்காலம் ஆறு மணி இருக்கும், டேங்க் ஆபரேட்டர் பையன் தீர்மான நோட்டைத் தூக்கிட்டு வீடு வீடா வந்தான், நூறு கையெழுத்து சேரணும்ல. சித்தப்பா டிவில விவாதம் பாத்துக்கிட்டே, கண்ணை எடுக்காம போட்டாரு. அம்மா போட்டாங்க. அப்புறம் என்கிட்ட நீட்டினான். புரட்டிப் பாத்தேன், கையெழுத்துப் பக்கம் பாதி ரொம்பியிருந்துச்சு, தீர்மானம் எழுத வேண்டிய பக்கம் வெறும் கோடு. "இதுல ஒண்ணுமே எழுதலியேடா"ன்னேன்.

"அதெல்லாம் அப்புறம் கிளார்க்கு எழுதிக்குவாருண்ணே."

போட்டுக் குடுத்தேன்.