மேட்டில் நின்ற கார்

மலேசியாவின் சுங்கை சிப்பூட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய பயிற்சித் திடலின் வேலியோரம் நின்று, என் தங்கை மகள் கார் லைசென்ஸுக்கான செய்முறைத் தேர்வைச் செய்வதைப் போன வாரம் பார்த்தேன்.

கணினித் தேர்வின் 50 கேள்விகளில் 42 சரியாக இருந்தால் போதும். அதை அவள் முன்பே கடந்துவிட்டாள். மேடுதான் சோதித்தது. ஏற்றத்தில் காரை நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, கிளட்சை மெல்ல விடும்போது என்ஜின் நடுங்கும் அந்தக் கணத்தில் பிரேக்கை விடுவிக்க வேண்டும். கார் ஒரு சாண் பின்வாங்கியதாக அதிகாரி முடிவு செய்தார். எனக்கோ அது அசைந்ததாகவே தெரியவில்லை. இருவரில் யார் கண் சரியென்று காட்ட அங்கே எந்தப் பதிவும் இல்லை.

அதனால்தான், உணர்கருவிகளும் கேமராக்களும் கோட்டைத் தொட்டதையும் பின்னால் உருண்டதையும் தாமே பதிவு செய்யும் மின்னியல் தேர்வை நான் மனதார வரவேற்கிறேன். காப்பிக் காசு என்னும் லஞ்சம் பற்றிய பேச்சுக்கும் அதில் இடம் குறையும்.

ஆனால் சாலைத் தேர்வில் அனுபவமுள்ள அதிகாரி பக்கத்தில் அமர்ந்தே ஆக வேண்டும். செம்பனைக் குலை ஏற்றிய லாரி வளைவில் எதிரே வரும்போது ஒரு பெண் வேகத்தைக் குறைத்தது அச்சத்தாலா, முன்யோசனையாலா என்பதை அவள் முகத்தையும் கண்ணாடியைப் பார்த்த விதத்தையும் கண்ட மனிதரே சொல்ல முடியும்.

மறுதேர்வுக்கு நாள் வாங்கியிருக்கிறோம்.