குறிகட்டுவானுக்கு அப்பால் போகும் பெட்டிகள்

புயலடித்த தீவொன்றில் இணையம் திரும்பிவிட்டது என்று செய்தி வந்தால், டவரில் ஏறி நின்று வேலை செய்தவரைத்தான் எல்லாரும் நினைப்பார்கள். நினைக்கவும் வேண்டும். நான் பார்ப்பது அதற்கு முந்திய வேலை. கொழும்பு கிராண்ட்பாஸில் ஒரு களஞ்சியத்தில் இருந்துகொண்டு, அவருக்கு வேண்டிய சாமானைக் கட்டி, கடதாசி வேலை முடித்து, லொறி பிடித்து, அது வள்ளத்தில் ஏறும் வரை போனும் கையுமாக நிற்பது.

இத்தனை வருடத்தில் இந்த வேலையில் நான் முழுமனதோடு நம்பும் ஒன்று உண்டு. தீவுக்கு அனுப்பும் சாமான் பட்டியலைத் தீவிலிருந்து தொடங்கி எழுத வேண்டும். கொழும்புக் களஞ்சியத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்து எழுதினால், பாதிச் சாமான் இறங்குதுறையோடு நின்றுவிடும்.

உலகத்தில் இதற்கு உதாரணம் தேடினால், கரீபியன் கடலில் அமெரிக்காவின் கீழுள்ள தீவான போர்ட்டோ ரிக்கோவைத்தான் சொல்வேன். 2017 செப்டெம்பர் 20ஆம் திகதி மரியா சூறாவளி அந்தத் தீவைக் கடந்தபோது, கைத்தொலைபேசிக் கோபுரங்களில் சுமார் 95 சதவீதம் செயலிழந்தன. அமெரிக்கப் பெருநிலத்திலிருந்து சாமான் வராமல் இல்லை. வந்தது. சான் யுவான் துறைமுகத்தில் ஆயிரக்கணக்கான கொள்கலன்கள் அடுக்கியபடி கிடந்தன. லொறிச் சாரதிகள் வேலைக்கு வர முடியவில்லை. வந்தவர்களுக்கு டீசல் இல்லை, டீசல் கிடைத்தாலும் போகப் பாதை இல்லை. எந்தச் சாரதி எங்கே இருக்கிறார் என்று கேட்பதற்குப் போனும் இல்லை. போனைத் திருத்தப் போகும் சாமானே, போன் இல்லாததால் துறைமுகத்தில் நிற்கிறது. வெளிநாட்டுக் கப்பல்களும் சாமான் கொண்டுபோகலாம் என்று ஜோன்ஸ் சட்டத்தை 10 நாட்களுக்குத் தளர்த்தியதைப் பற்றித்தான் அப்போது அதிகம் பேசினார்கள். என்னைக் கேட்டால், கப்பல் அங்கே பெரிய சிக்கலாக இருக்கவில்லை. துறைமுக வாசலுக்கும் மலையூர்களுக்கும் இடையிலான அந்தக் கொஞ்சத் தூரம்தான் சிக்கல்.

அதே வருடம் ஒக்டோபரில், கூகுளின் தாய் நிறுவனமான அல்பபெட்டின் லூன் திட்டக்காரர்கள் நெவாடாவிலிருந்து ஏவிய பலூன்களைச் சுமார் 20 கிலோமீற்றர் உயரத்தில் அந்தத் தீவுக்கு மேலே கொண்டுவந்து, குறுஞ்செய்திக்கும் அடிப்படை இணையத்துக்கும் வழி செய்தார்கள். பாதையும் பாலமும் தேவைப்படாத வழி. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வியப்புத்தான். ஆனால் கீழே நிற்பவரின் போனில் சார்ஜ் இருக்க வேண்டும். அதற்கு மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்கு டீசல் வேண்டும். சுற்றிச் சுற்றி லொறிக்கும் வள்ளத்துக்கும்தான் வந்து நிற்போம்.

பசிபிக் தீவு நாடான தொங்காவையும் சொல்ல வேண்டும். அது புயல் இல்லை, 2022 ஜனவரி 15ஆம் திகதி வெடித்த எரிமலை. கடலடிக் கேபிள் அறுந்தது. கேபிள் கப்பல் வந்து திருத்தி, பெப்ரவரி 22ஆம் திகதி பிரதான தீவு மீண்டும் இணைந்தது. அத்தோடு உலகத்துக்கு அந்தச் செய்தி முடிந்துவிட்டது. உள்நாட்டுக் கேபிளை நம்பியிருந்த வவாவு போன்ற வெளித்தீவுகள் 2023 வரை செய்மதி இணைப்பை வைத்துக்கொண்டு காத்திருந்தன. தலைநகரம் இணைந்த நாளோடு கணக்கை மூடிவிடுகிற இந்தப் பழக்கம் எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது.

நமக்கு வெளித்தீவு என்றால் நெடுந்தீவு. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணை, வேலணை, புங்குடுதீவு என்று போய்க் குறிகட்டுவானில் தரைப்பாதை முடிகிறது. அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடல். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரையான சுமார் 400 கிலோமீற்றரை லொறி ஓர் இரவில் ஓடி முடித்துவிடும். அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் நாட்கணக்கில் நிற்க வேண்டி வரும். புயல் கரையைக் கடந்துவிட்டது என்று வானொலி சொன்னால் கொழும்பில் இருப்பவர்கள் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறியது. அப்புறம் மன்னார் வளைகுடாப் பக்கம் போய் அங்கேயே சுற்றிக்கொண்டு நின்றது. மழை நாட்கணக்கில் விடவில்லை. காற்று இருக்கும்வரை நெடுந்தீவுப் படகுகளான குமுதினியும் ஓடாது, வடதாரகையும் ஓடாது.

நான் சொல்ல வந்தது வேறொரு மழைக்காலத்தில் நடந்தது. காற்றில், தீவை மறுகரை டவரோடு இணைக்கும் தீவுப் பக்கத்து நுண்ணலை டிஷ் திரும்பிவிட்டது. இரவில் தூரத்துச் சுவரில் ரோச் வெளிச்சம் பிடிக்கிற மாதிரியான இணைப்பு அது. கை சற்று அசைந்தால் வெளிச்சம் சுவரை விட்டே போய்விடும். ஓரிரு பாகை திரும்பினால் போதும், தீவு முழுவதும் இருட்டு. டிஷ்ஷின் தாங்கியும் வளைந்திருந்ததால், திருப்பி வைத்துச் சரிசெய்ய வழியில்லை. அது சரியாகும் வரை செய்மதி வழியாகத் தற்காலிக இணைப்பு கொடுப்பது என்று முடிவாயிற்று.

மேலிடத்திலிருந்து பட்டியல் வந்தது. பெரிய டிஷ், பெரிய ஜெனரேட்டர், இரண்டு வரிசை பற்றரி. கடதாசியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் லொறிக்குச் சொல்லுமுன் தீவுப் பக்கம் நிற்கும் எங்கள் தொழில்நுட்பவியலாளரைப் போனில் எடுத்தேன். வேலணைப் பிள்ளை, அந்தக் கடலில் போய் வந்து வளர்ந்தவர். பட்டியலை வாசிக்க வாசிக்கப் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "அண்ணை, இஞ்சை கிரேன் ஒண்டும் இல்லை. வள்ளம் ஆடேக்கை ரெண்டு பேர் நிண்டு தூக்கக்கூடியதா மட்டும் அனுப்புங்கோ" என்றார்.

அதற்குப் பிறகு பட்டியலை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். டவர் உபகரணங்கள் 48 வோல்ட்டில் ஓடுகிறவை. 12 வோல்ட் பற்றரி நான்கைத் தொடராக இணைத்தால் ஒரு வரிசை. 100 ஆம்பியர் மணி ஈயப் பற்றரி ஒன்றே சுமார் 30 கிலோ. ஆகவே ஒரு பெட்டிக்கு ஒன்றுதான், இரு பக்கமும் கயிற்றுப் பிடி. ஜெனரேட்டரைச் சிறிதாக்கினோம். டிஷ்ஷை 1.2 மீற்றராக்கினோம். வேகம் குறையும், ஆனால் அடுத்த வள்ளத்திலேயே போகும்.

லித்தியம் பற்றரி என்றால் பாரம் இன்னும் குறைந்திருக்கும், உண்மைதான். அதை அவசரத்துக்கு வெளிநாட்டிலிருந்து லேசில் எடுக்க முடியாது. 2016 ஏப்ரலிலிருந்து, தனியாகப் பொதிசெய்த லித்தியம் அயன் பற்றரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றத் தடை. சரக்கு விமானத்திலும் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக்கூடாது. காரணம் தீப்பிடிக்கும் ஆபத்து, அதில் வாதாட ஒன்றுமில்லை. புயலுக்கு முன்பே வாங்கி வைத்திருந்தால் உண்டு, பிறகு கேட்டால் கிடைக்காது.

கடதாசி விஷயமும் அப்படித்தான். செய்மதிக் கருவி நாட்டுக்குள் வரத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும், அதன்பிறகு சுங்கம். அனர்த்த நேரத்தில் இந்தத் தடைகளைத் தளர்த்துவதற்கென்றே 1998இல் தம்பேரே உடன்படிக்கை எழுதப்பட்டது. இலங்கையும் அதை ஏற்ற நாடு. அது நடைமுறைக்கு வந்தது 2005 ஜனவரி 8ஆம் திகதி, சுனாமி அடித்துப் பதின்மூன்றாம் நாள். அந்தத் திகதியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். உடன்படிக்கை இருந்தாலும், கவுண்டரில் நிற்கும் அதிகாரி கேட்பது தொடர் இலக்கப் பட்டியலையும் யார் பொறுப்பு என்ற கையெழுத்தையும்தான். அவர் கேட்பதில் பிழையில்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் அது இரண்டையும் மழைக்காலத்துக்கு முன்பே எழுதி வைத்திருப்பது எங்கள் வேலை.

அந்த முறை எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. லொறி போய், கடற்படைப் படகில் சாமான் ஏறித் தீவிலும் இறங்கிவிட்டது. மாலையில் போன் வந்தது. "அண்ணை, டிஷ் நல்லபடியா வந்து சேர்ந்திட்டுது. இதை எதிலை பூட்டுறது?"

'முழுத் தொகுதி' என்று எழுதி முத்திரையோடு வந்த பெட்டிக்குள் டிஷ்ஷை நிறுத்தும் தாங்கியை விற்பனையாளர் போடவே இல்லை. அவரை எடுத்தால், அது தனி ஓடர் என்கிறார். தனி ஓடர் வெளிநாட்டிலிருந்து வரக் கிழமைக்கணக்கு.

ஜீஐ பைப்பை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை, தீவிலேயே தேடிக்கொள்கிறேன் என்றார் வேலணைத் தம்பி. யு போல்ட்டும் நட்டும் மட்டும் இங்கிருந்து வேண்டும், பைப்பின் அளவையும் சொன்னார். அன்றைக்கு உந்துவப் போயா, டிசம்பர் பௌர்ணமி விடுமுறை. கொழும்பு பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான் கடைகள் பூட்டிக் கிடந்தன. கடைக்கு மேலேயே குடியிருக்கும் முஸ்லிம் கடைக்காரர், நானா ஒருவரை எனக்குத் தெரியும். கீழே இறங்கி வந்து ஷட்டரைப் பாதி தூக்கி, ரோச் அடித்து, இரண்டு டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்றில் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு, மற்றதில் மங்கிய சாம்பல் நிறம். என் கை பளபளப்பானதுக்குப் போனது.

"தீவுக்கா தம்பி? அப்ப அத வைங்க. பளபளக்கிறது மெல்லிசாப் பூசினது, உப்புக் காத்துல நிக்காது. இதுதான் உருக்கின துத்தநாகத்துல சூட்டோட முக்கியெடுத்தது. பாக்க வடிவில்ல, ஆனா துரு லேசுல புடிக்காது."

எண்ணிக் கொடுத்துவிட்டு, கேட்காமலே ஒரு பிடி வாஷரும் நட்டும் மேலதிகமாகப் போட்டார். "கடல்ல விழுந்தா திரும்ப இங்க வரேலாதே" என்றார். தீவிலிருந்து தொடங்கி யோசிப்பது என்று நான் சொல்வது இதைத்தான். அந்த நானா நெடுந்தீவைக் கண்டவரில்லை. ஆனாலும், வள்ளத்தில் நின்றுகொண்டு நட்டைத் தவறவிடப்போகும் ஒருவருடைய கையை அவர் பார்த்துவிட்டார். யு போல்ட்கள் அன்றிரவே யாழ்ப்பாண பஸ்ஸில் போய்ச் சேர்ந்தன.

அன்றிலிருந்து எங்கள் களஞ்சியத்தில் ஒரு பழக்கம். எந்தத் தொகுதியையும் முற்றத்தில் ஒருமுறை முழுதாகப் பூட்டி, பற்றரியில் ஓடவிட்டு, சிக்னல் எடுத்துப் பார்த்த பிறகே கழற்றிக் கட்டுகிறோம். கழற்றும்போது என்னென்ன சாவி தேவைப்பட்டதோ, அதே சாவிகள் அதே பெட்டிக்குள் போகும். பெட்டியின் வெளியே தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் எழுதுகிறோம். இறக்கப்போகிறவர் ஊர்ப் பொடியனாகவும் இருக்கலாம், கடற்படைச் சிப்பாயாகவும் இருக்கலாம்.

இணைப்பு வந்ததும் வேறொரு கேள்வி வந்தது. செய்மதி வழியே கிடைப்பது ஒடுங்கிய வாய்க்கால். முதலில் யாருக்கு? வைத்தியசாலைக்கும் பிரதேச செயலகத்துக்கும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. கடுமையான நோயாளியைக் கடல் தாண்டி எடுக்க வேண்டும் என்றால் அந்த ஒரு செய்தி போயே ஆக வேண்டும். சனத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்று கூட்டத்தில் பேச்சு வந்தபோது நான் ஒத்துக்கொள்ளவில்லை. நெடுந்தீவில் கனடாவிலோ லண்டனிலோ பிள்ளை இல்லாத வீடு தேடித்தான் பிடிக்க வேண்டும். அங்கே விடிய விடிய விழித்திருந்து "அம்மா எப்படி, கூரை நிக்குதா" என்று கேட்கிற பிள்ளைக்கு ஒரு குரல் பதிவு போவதற்கு எவ்வளவு அலைவரிசை வேண்டும்? மிகக் கொஞ்சம். வீடியோவை மறித்துவிட்டு, குரல் பதிவையும் எழுத்துச் செய்தியையும் முதல் நாளிலிருந்தே எல்லாருக்கும் திறந்துவிடலாம் என்று சொன்னேன். அப்படித்தான் செய்தோம். செயலக வாசலில் போன்களோடு வந்து நின்றவர்களுக்கு முதலில் தேவைப்பட்டது சார்ஜ் போட ஒரு பலகை. அதுவும் எங்கள் பட்டியலில் இருக்கவில்லை, இப்போது இருக்கிறது.

ஒரு விஷயத்தில் நான் எங்கள் ஆட்களோடும் முரண்படுகிறவன். வள்ளத்தில் இடம் குறைவு என்றால் மருந்தும் மாவும் முதலில் போகட்டும். தீவு தேசிய மின்கட்டமைப்போடு இணைந்ததில்லை, டீசல் ஜெனரேட்டர்களை நம்பித்தான் ஊருக்கு வெளிச்சம் வந்தது. அந்த டீசலும் அதே கடலைக் கடந்துதான் போக வேண்டும். அவற்றை ஒதுக்கிவிட்டு எங்கள் பெட்டி ஏறக்கூடாது. மருந்துக்குப் பக்கத்தில் செருகக்கூடிய அளவுக்கு எங்கள் பெட்டியைச் சிறிதாக்கினால் அந்தச் சண்டையே வராது.

இப்போது அதற்கு வழி வந்திருக்கிறது. செய்மதி இணையச் சேவையான ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கையில் தொடங்கியது. அதன் தட்டை ஒருவர் கையில் எடுத்துக்கொண்டு வள்ளமேறலாம். 1.2 மீற்றர் டிஷ்ஷோடு பட்ட பாட்டுக்கு இது பெரிய ஆறுதல். மின்சாரக் கணக்கு மட்டும் மாறவில்லை. 75 முதல் 100 வோட் இரவு பகலாகக் குடித்தால் ஒரு நாளைக்கு 1.8 முதல் 2.4 கிலோவோட் மணி வரை போகும். மழை மூடிய டிசம்பரில் சூரியத் தகட்டை நம்ப முடியாது. பற்றரி அப்போதும் 30 கிலோதான்.

அதனால் நான் இப்போது கேட்பது, ஒரு முழுத் தொகுதியைத் தீவிலேயே வைத்துவிட வேண்டும் என்று. ஒக்டோபருக்கு முன், கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் கொண்டுபோய் இறக்கி, ஊர்ப் பிள்ளைகள் இருவருக்குப் பூட்டவும் கழற்றவும் பழக்கிவிட்டால், புயலன்று கொழும்பைப் பார்த்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை. வைக்க அறை தருவதாகத் தீவிலிருந்து சொல்லிவிட்டார்கள். கோப்பு இப்போது நிற்பது, மாதம் ஒருமுறை அந்தப் பற்றரிகளைச் சார்ஜ் போட்டுப் பார்க்கிறவருக்கு யார் சம்பளம் கொடுப்பது என்ற கேள்வியில். அதற்கான பதிலைத்தான் இந்தக் கிழமை எழுதிக்கொண்டிருக்கிறேன்.